சுவாஹிலி மக்களும் அவர்களுடைய மொழியும்: ‘கலப்பு’ என்ற சொல் எவ்வளவு பொருந்தும்?

சுவாஹிலியைக் குறித்து அடிக்கடி எழுப்பப்படும் கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. அது அரபும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த கலப்பு மொழிதானா என்பது ஒன்று. அந்த மொழியின் பெயரைத் தாங்கிய மக்கள் அரபு வழித்தோன்றல்களா, ஆப்பிரிக்கர்களா, அல்லது அப்படி ஓர் இனமே தனியாகக் கிடையாதா என்பது மற்றொன்று. முதற்பகுதிக்கு ஐயத்துக்கு இடமின்றி விடை சொல்லிவிடலாம்: சுவாஹிலி, பாண்டு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆப்பிரிக்க மொழி, அரபியிலிருந்து அது ஏராளமான சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறது, அவ்வளவே. இரண்டாம் பகுதி அத்தனை எளிதன்று. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒருவர் சுவாஹிலியாக இருப்பது நெடுங்காலமாகவே குருதியைவிட ஊரையும் சமயத்தையும் பேச்சையும் சார்ந்ததாக இருந்து வந்துள்ளது. அந்த மொழியோ கடந்த இருநூறு ஆண்டுகளில் தன் சொந்த மக்களைத் தாண்டிச் சென்று, அவர்களைவிடப் பன்மடங்கு பெரிய மக்கள்தொகையின் பொதுமொழியாகிவிட்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறான விளக்கங்கள் பிறக்கின்றன.

மொழியிலிருந்து தொடங்குவது நல்லது. ஆப்பிரிக்காவின் தென்பாதியில் பரந்து கிடக்கும் பாண்டு மொழிகள் ஏறத்தாழ 500. அவற்றுள் சபாகி என்னும் சிறு கிளையில், கென்யக் கடற்கரைக்குச் சற்று உள்ளே வாழும் மிஜிகெண்டா மக்களின் பேச்சு, தானா ஆற்றங்கரையின் பொகோமோ மக்களுடைய பேச்சு, கொமோரோத் தீவுகளின் மொழி ஆகியவற்றோடு சுவாஹிலியும் இடம்பெறுகிறது. ஒரு மொழியின் குடும்பத்தை அதன் அகராதியிலுள்ள அயற்சொற்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. அடிப்படைச் சொற்களும், சொல்லாக்க முறையும், வாக்கியத்தைக் கட்டும் முறையுமே தீர்மானிக்கின்றன. வைணவ உரைகளின் மணிப்பிரவாள நடையில் வடசொற்கள் எத்தனை மலிந்திருந்தாலும், வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழாக இருப்பதால் அவ்வுரைகளைச் சமஸ்கிருத நூல்கள் என்று எவரும் வகைப்படுத்துவதில்லை. சுவாஹிலியின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

சுவாஹிலி இலக்கணத்தின் முதுகெலும்பு அதன் பெயர்ச்சொல் வகுப்புகள். தமிழ் பெயர்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுக்கிறது. சுவாஹிலி, ஒருமையையும் பன்மையையும் தனித்தனியே எண்ணினால், ஏறத்தாழ 15 வகுப்புகளாகப் பகுக்கிறது. பன்மையைக் காட்ட அது சொல்லின் இறுதியில் எதையும் சேர்ப்பதில்லை. சொல்லின் தொடக்கத்தை மாற்றுகிறது. குழந்தை ‘ம்தோதோ’ என்றால் குழந்தைகள் ‘வாதோதோ’. கத்தி ‘கிசு’ என்றால் கத்திகள் ‘விசு’. அந்த முன்னொட்டு பெயரோடு நின்றுவிடுவதில்லை. அடைமொழி, எண், சுட்டு, வினை என்று வாக்கியத்தில் அப்பெயரைச் சார்ந்த ஒவ்வொரு சொல்லிலும் வந்து ஏறுகிறது. ‘ஒரு பெரிய கத்தி’ என்பது ‘கிசு கிகுப்வா கிமோஜா’. ‘இரண்டு பெரிய கத்திகள்’ என்பது ‘விசு விகுப்வா விவிலி’. இத்தகைய அமைப்பு அரபியில் கிடையாது. ஜூலு, ஷோனா, கிகுயு முதலிய பிற பாண்டு மொழிகளில் உண்டு. தமிழ் வாசகர் ஒருவருக்கு இதில் வியப்பூட்டக்கூடிய ஒரு நுட்பமும் இருக்கிறது. நாம் விலங்குகளை அஃறிணையில் வைக்கிறோம். சுவாஹிலியில் நீர்யானையைக் குறிக்கும் ‘கிபோகோ’ என்ற சொல் தோற்றத்தில் கத்தியின் வகுப்பைச் சேர்ந்தது போல இருந்தாலும், அதற்கு வரும் அடைமொழியும் வினையும் மனிதர்களுக்கு உரிய வடிவத்திலேயே அமைகின்றன. உயிருள்ளவை அனைத்தும் ஒரே வரிசை என்பது அம்மொழியின் தீர்ப்பு.

வினைச்சொல்லும் ஒட்டுநிலை அமைப்பையே கொண்டது, எனினும் வரிசை நமக்கு நேர்மாறு. ‘பார்த்தேன்’ என்பதில் வேர் முன்னே, காலம் நடுவே, தன்மை விகுதி கடைசியிலே வருகின்றன. சுவாஹிலியில் ‘அவனைப் பார்த்தேன்’ என்பது ‘நிலிம்வோனா’: ‘நி’ நான், ‘லி’ இறந்தகாலம், ‘ம்வ்’ அவனை அல்லது அவளை, ‘ஓனா’ பார் என்னும் வேர். எழுவாயும் செயப்படுபொருளும் காலமும் வேருக்கு முன்னே அணிவகுக்க, வேருக்குப் பின்னே வினையின் தன்மையை மாற்றும் ஒட்டுகள் வருகின்றன. ‘பெண்டா’ என்றால் அன்பு செய். ‘பெண்ட்வா’ அன்பு செய்யப்படு. ‘பெண்டானா’ ஒருவரையொருவர் அன்பு செய். அவனா அவளா என்ற பால் வேறுபாடு இம்மொழியில் எங்குமே இல்லை என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். ஆண்பால் பெண்பாலை எல்லா இடத்திலும் வலியுறுத்தும் அரபியிடமிருந்து சுவாஹிலி எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. பெரும்பாலான பாண்டு மொழிகளில் சொற்பொருளை வேறுபடுத்தும் குரலேற்ற இறக்கம் சுவாஹிலியில் மறைந்துவிட்டது. ஈற்றயல் அசையில் அழுத்தம் விழுவதே அதன் ஓசை மரபு.

கடன் வாங்கிய சொற்களை இம்மொழி நடத்தும் விதத்திலும் அதன் இயல்பு வெளிப்படுகிறது. புத்தகத்தைக் குறிக்கும் ‘கிதாபு’ அரபியிலிருந்து வந்தது. அரபியில் அதன் முதலசை வேரின் பகுதி. சுவாஹிலி அதைத் தன் ‘கி’ முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பன்மையை ‘விதாபு’ என்று ஆக்கிவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் சாலைச் சந்திப்புகளின் வட்டத்திடல்களில் ‘கீப் லெஃப்ட்’ என்று எழுதி வைத்தார்கள். அது ‘கிபிலெஃப்தி’ என்று பெயராகி, பன்மையில் ‘விபிலெஃப்தி’ ஆயிற்று. இலக்கணம் கடனாளியாகவில்லை, வந்த சொற்கள்தாம் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டன. வந்தவையும் அரபியிலிருந்து மட்டுமல்ல. மேசையைக் குறிக்கும் ‘மேசா’ போர்த்துக்கீசியரிடமிருந்தும், பள்ளியைக் குறிக்கும் ‘ஷூலே’ ஜெர்மானியரிடமிருந்தும், வண்டியைக் குறிக்கும் ‘காரி’, காப்பீட்டைக் குறிக்கும் ‘பிமா’, நாம் நன்கறிந்த ‘சப்பாத்தி’ ஆகியவை இந்திய வணிகர்களிடமிருந்தும் வந்தவை. சமயம், சட்டம், வாணிகம், கப்பலோட்டம் ஆகிய துறைகளில் அரபுச் சொற்கள் அடர்ந்திருக்கின்றன. உடலுறுப்புகள், உழவு, சமையல், உறவுமுறை ஆகியவற்றில் பாண்டுச் சொற்களே மிகுதி. எண்களில் இவ்விரு அடுக்குகளும் அருகருகே நிற்கின்றன: ஒன்று முதல் ஐந்து வரையும் எட்டும் பத்தும் பாண்டுச் சொற்கள், ஆறு, ஏழு, ஒன்பது, பிறகு இருபது முப்பது முதலியவை அரபுச் சொற்கள்.

நேரக் கணக்கும் தனித்தன்மையுடையது. சுவாஹிலி பேசுவோர் நாளை நள்ளிரவிலிருந்து எண்ணுவதில்லை; சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு முதல் மணி; நண்பகல் 12 அவர்களுக்கு ஆறாம் மணி. பஞ்சாங்கத்தின் உதயாதி நாழிகையை அறிந்தவர்களுக்கு இதில் குழப்பம் இருக்காது. அறியாமல் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் பேருந்துக்குச் சீட்டு எடுத்தவர்கள் ஆறு மணி நேரம் முன்பின்னாகப் போய் நின்ற கதைகள் ஏராளம்.

இவ்வளவு தெளிவான ஓர் ஆப்பிரிக்க மொழியை ஏன் கலப்பு மொழி என்றார்கள்? காரணங்களைக் கண்டறிவது கடினமன்று. பெயரே அரபு: கடற்கரைகள் என்று பொருள்படும் ‘சவாஹில்’ என்பதிலிருந்து வந்தது. பல நூற்றாண்டுகள் அது அரபு எழுத்தில்தான் எழுதப்பட்டது. பேசியவர்கள் முஸ்லிம்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, லாமு, கேடி, கில்வா முதலிய கடற்கரை நகரங்களில் பவளக்கல்லால் கட்டப்பட்ட மசூதிகளையும் மாளிகைகளையும் கண்ட ஐரோப்பியர்கள், ஆப்பிரிக்கர்கள் இத்தகைய நகரங்களைக் கட்டியிருக்க முடியாது என்ற முன்முடிவோடு, கடல் கடந்து வந்த பாரசீகரும் அரபியரும் நிறுவிய குடியேற்றங்கள் என்று அவற்றுக்கு வரலாறு எழுதினார்கள். கடற்கரைப் பெருங்குடும்பங்களும் இந்த வரலாற்றை மறுக்கவில்லை. பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த அரசகுமாரர்களின் வழியில் தாங்கள் தோன்றியதாகவே அவர்களுடைய வரலாற்று மரபும் சொல்லிற்று. கில்வாவின் வரலாற்றுக் குறிப்பு ஒன்றின்படி, ஷிராஸிலிருந்து வந்த அலி பின் அல்-ஹசன் என்பவர், தீவைச் சுற்றி வளைக்கும் அளவுக்குத் துணி கொடுத்து அத்தீவை அதன் தலைவரிடமிருந்து வாங்கினார்.

அகழ்வாய்வு இந்தச் சித்திரத்தைத் திருத்தியது. லாமு தீவுக்கூட்டத்தின் பாட்டே தீவிலுள்ள ஷங்கா என்னுமிடத்தில் மார்க் ஹார்ட்டன் 1980களில் நடத்திய அகழ்வாய்வு இதில் முக்கியமானது. அங்கே பிற்காலக் கல்மசூதியின் அடியில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட பழைய மசூதிகள் வெளிப்பட்டன. மிகப் பழையது மரத்தாலான சிறு கட்டடம், 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. சுற்றிலும் கிடைத்த மட்பாண்டங்களில் மிகப் பெரும்பான்மை உள்நாட்டு மரபைச் சேர்ந்தவை. மண்ணும் மரமும் கொண்டு வீடு கட்டி, மீன்பிடித்து, பயிர் செய்து வாழ்ந்த ஓர் ஆப்பிரிக்கச் சிற்றூர், கடல் வாணிகத்தில் ஈடுபட்டு, இஸ்லாத்தை ஏற்று, படிப்படியாகக் கல் நகரமாக வளர்ந்தது என்பதே அந்த அடுக்குகள் சொல்லும் வரலாறு. வெளியிலிருந்து ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கப்பட்ட நகரம் அப்படி அடுக்கடுக்காக வளர்ந்திருக்காது.

இதனால் ஷிராஸ் மரபு முழுவதும் கற்பனை என்று ஒரு தலைமுறை அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். அதுவும் மிகையென்று 2023இல் தெரியவந்தது. கி.பி. 1250க்கும் 1800க்கும் இடைப்பட்ட காலத்தில் கென்ய, தான்சானியக் கடற்கரை நகரங்களில் புதைக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட 80 பேரின் தொல்மரபணுக்களை ஆராய்ந்த முடிவுகள் அவ்வாண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியாயின. அவர்களுள் பலரின் மரபுரிமையில் பாதியோ அதற்கு மேலோ, பெரும்பாலும் தாய்வழியில், ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி, தந்தைவழியில், பாரசீகத்தைச் சேர்ந்தது. அதோடு சிறிதளவு இந்திய மரபுரிமையும் இருந்தது. இக்கலப்பு ஏறத்தாழ கி.பி. 1000 அளவில் தொடங்கியது; அரபு மரபுரிமை மேலோங்குவது 1500க்குப் பிறகுதான். பாரசீக மூதாதையரைப் பற்றிய குடும்பக் கதைகளில் உண்மையின் கரு இருந்திருக்கிறது. எனினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. ஷங்காவின் முதல் மசூதி இந்தக் கலப்புக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முந்தியது. ஆகவே நகரமும் சமயமும் கலப்பினால் உண்டானவை அல்ல. மேலும், வந்தவர்கள் வணிகர்களாக வந்து, அவ்வூர்ப் பெண்களை மணந்து, அவர்களுடைய பிள்ளைகள் தாயின் மொழியையே பேசினார்கள். ஆகவே இது படையெடுப்பின் வரலாறன்று, மணவுறவின் வரலாறு என்று கொள்வதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

அந்த நகர வாழ்வின் உச்சத்தை 1331இல் கில்வாவுக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா பதிவு செய்திருக்கிறார். தாம் கண்ட நகரங்களுள் மிக அழகானவற்றில் அதையும் ஒன்றாகக் குறிப்பிடும் அவர், மக்களில் பெரும்பாலோர் முகத்தில் கீறல் அடையாளமிட்ட கரிய நிறத்தவர் என்றும் எழுதுகிறார். அன்றைய சுல்தான் அல்-ஹசன் பின் சுலைமான் காலத்துச் செப்புக் காசு ஒன்று, கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, கிரேட் சிம்பாப்வே என்னும் பழைய கல்நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்திருக்கிறது. அந்த மேட்டுநிலத்தின் பொன் சொஃபாலா துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கில்வாவின் கட்டுப்பாட்டில் வடக்கே சென்றது. யானைத் தந்தம், ஆமையோடு, வீடு கட்டுவதற்கான சதுப்புநிலக் கண்டல் மரக்கழிகள் ஆகியவை ஏற்றுமதியாக, துணியும் கண்ணாடி மணிகளும் பீங்கானும் இறக்குமதியாயின. தெற்காசியாவில் செய்யப்பட்ட மணிகள் இக்கடற்கரையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1415இல் மலிந்தியிலிருந்து ஓர் ஒட்டகச்சிவிங்கி சீனப் பேரரசரின் அவைக்கே போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் அடிப்படை பருவக்காற்று. ஆண்டின் தொடக்க மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும் ‘கஸ்காசி’ கப்பல்களைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆண்டின் நடுவே தெற்கிலிருந்து எழும் ‘கூசி’ திருப்பி அனுப்பும். காற்று மாறும் வரை வணிகர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் அவர்களுக்குத் தங்க வீடும், நம்பத்தக்க தரகரும், பல வேளைகளில் மனைவியும் தேவைப்பட்டார்கள். சுவாஹிலி நகரத்தின் செல்வம், இந்தத் தேவைகளை நிறைவேற்றிய இடைத்தரகர் குடும்பங்களின் செல்வமே.

அக்குடும்பங்கள் தங்களைச் சுவாஹிலிகள் என்று அழைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தங்கள் ஊரின் பெயராலேயே அழைத்துக்கொண்டார்கள். லாமுவினர் ‘வாஅமு’, மொம்பாசாவினர் ‘வாம்விதா’. ஊருக்குள் மேன்மக்கள் ‘வாஉங்க்வானா’ எனப்பட்டனர்: கல்வீடு, மறைநூல் கல்வி, வெள்ளிக்கிழமை மசூதியில் உரிய இடம், பேச்சில் நயம் ஆகியவை அவர்களுடைய அடையாளங்கள். கூரைக்கு இடும் கண்டல் கழியின் நீளத்துக்கு மேல் அறையை அகலப்படுத்த முடியாது என்பதால், அவ்வீடுகளின் அறைகள் ஏறத்தாழ 3 மீட்டருக்குள் குறுகியும் நீண்டும் அமைந்தன. அந்த அறைகளுக்கு வெளியே, ஓலைக் குடிசைகளிலும் தோட்டங்களிலும் அடிமைகள் உழைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேன்மக்களின் நாகரிகத்தை மட்டும் விதந்து பேசும் எழுத்துகள் பல இருக்கின்றன. அவை பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

வாஸ்கோட காமா 1498 ஏப்ரலில் மொம்பாசாவையும் மலிந்தியையும் அடைந்து, மலிந்தி அரசர் கொடுத்த மாலுமியின் துணையோடு கோழிக்கோட்டுக்குக் கடல் கடந்தார். 1505இல் போர்த்துக்கீசியர் கில்வாவையும் மொம்பாசாவையும் சூறையாடினார்கள். 1593இல் மொம்பாசாவில் இயேசு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் ஓமானியர் அதைக் கைப்பற்றினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓமானிய சுல்தான் சையித் சயீத் தம் தலைநகரை மஸ்கட்டிலிருந்து சான்சிபார் தீவுக்கே மாற்றிக்கொண்டார். கிராம்புத் தோட்டங்களும் தந்தமும் அடிமை வாணிகமும் அந்த அரசின் மூன்று தூண்கள். கட்ச், குஜராத் வணிகர்கள் அதற்குக் கடன் கொடுத்தார்கள்.

மொழி உள்நாட்டுக்குப் பரவியது இந்தக் காலத்தில்தான். அது பரவிய விதம் பெருமைக்குரியதன்று. கடற்கரையிலுள்ள பகமோயோவிலிருந்து உள்நாட்டுத் தபோராவுக்கும், அங்கிருந்து தங்கனீக்கா ஏரிக்கரையின் உஜிஜிக்கும், ஏரியைக் கடந்து கிழக்குக் காங்கோவுக்கும் சென்ற வணிகக் கூட்டங்கள், திரும்பும்போது தந்தத்தையும் மனிதர்களையும் கொண்டுவந்தன. சுமை தூக்கிய நியம்வேசி மக்களும், விலங்கிடப்பட்டவர்களும், ஆயுதம் தாங்கியவர்களும் தமக்குள் பேசிக்கொண்ட மொழி சுவாஹிலி. சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல் மூடப்பட்டது. தீவில் அடிமைமுறை சட்டப்படி 1897இல் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், மறந்துபோன பழைய மொழிக்குப் பதிலாகச் சுவாஹிலியையே தாய்மொழியாகக் கொண்டனர். யார் சுவாஹிலி என்ற கேள்வி கசப்பாக மாறியதும் இப்போதுதான். பழைய குடும்பங்கள், அந்தப் பெயர் அடிமை வழியினரைக் குறிப்பதாகக் கருதி அதிலிருந்து விலகி, தங்களை அரபியர் என்றும் ஷிராசியர் என்றும் சொல்லிக்கொள்ளத் தொடங்கின. பின்னர் வந்த ஆங்கிலேய ஆட்சி மக்களைப் ‘பூர்வகுடிகள்’, ‘பிறர்’ எனப் பிரித்து, வரியிலும் உரிமையிலும் வேறுபாடு காட்டியபோது இந்த ஓட்டம் மேலும் வலுப்பெற்றது. இரு நிலைகளுக்கும் நடுவே நின்ற கடற்கரை மக்களுக்குத் தம் மூதாதையர் யார் என்பது வரிச்சீட்டின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

இலக்கியத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம், ஏனெனில் தமிழில் அதைப் பற்றிப் பேசியோர் குறைவு. இன்று கிடைக்கும் மிகப் பழைய சுவாஹிலி எழுத்துகளுள் சில, 1711இல் கில்வாவில் அரபு எழுத்தில் எழுதப்பட்ட கடிதங்கள். போர்த்துக்கீசிய ஆட்சியின் தொடர்பால் அவை கோவா ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கவிதையில் பாட்டே தீவின் ம்வெங்கோ என்னும் புலவர் முஸ்லிம்களுக்கும் பைசாந்தியப் பேரரசுக்கும் இடையிலான போரைப் பாடிய நெடுங்காவியத்தின் கைப்பிரதி 1728ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ‘உதெண்டி’ என்னும் இந்த யாப்பில் ஒவ்வொரு செய்யுளுக்கும் எட்டெட்டு அசைகள் கொண்ட நான்கு அடிகள். முதல் மூன்று அடிகளும் தமக்குள் இயைபுத் தொடை பெற, நான்காம் அடியின் இயைபு மட்டும் காவியம் முழுவதும் மாறாமல் தொடரும். பல நூறு செய்யுள்களுக்கு ஒரே ஓசையைக் காப்பாற்றுவது எளிய செயலன்று. சியூ நகரத் தலைவரின் கைம்பெண்ணான ம்வானா குபோனா, 1858இல் தம் மகளுக்கு அறிவுரையாகப் பாடிய செய்யுள்கள் இம்மொழியில் மிகவும் அறியப்பட்டவை. மொம்பாசாவின் முயாகா பின் ஹாஜி, கவிதையை மறைநூற் கதைகளிலிருந்து சந்தைக்கும் அரசியலுக்கும் காதலுக்கும் இறக்கி வந்தவர். இசையில், சான்சிபாரின் ஃபும்பா கிராமத்தில் பிறந்த சீதி பிந்தி சாத், அதுவரை பெரும்பாலும் அரபியில் பாடப்பட்ட தாராப் இசையைச் சுவாஹிலியில் பாடிப் புகழ்பெற்று, 1928இல் பம்பாய்க்குக் கப்பலேறி வந்து இசைத்தட்டுகள் பதிவு செய்தார்.

இனி மொழியின் அரசியல். 1844இல் மொம்பாசா வந்த ஜெர்மானிய மதகுரு லுட்விக் கிராஃப், இலக்கணமும் அகராதியும் எழுதியபோது மொம்பாசாப் பேச்சையே அடிப்படையாகக் கொண்டார். சான்சிபாரில் பணியாற்றிய எட்வர்ட் ஸ்டீர் அந்நகரப் பேச்சை எடுத்துக்கொண்டார். இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதியை முதலில் ஆண்ட ஜெர்மானிய ஆட்சி தன் கீழ்நிலை நிர்வாகத்தைச் சுவாஹிலியில் நடத்தியது. ஆங்கிலேயர் 1930இல் அமைத்த வட்டாரங்களுக்கிடையிலான மொழிக்குழு, சான்சிபார்ப் பேச்சைப் பொதுவழக்காக வரையறுத்து, உரோம எழுத்தில் பாடநூல்களை அச்சிட்டது. வணிகக் கூட்டங்கள் ஏற்கெனவே நாடெங்கும் கொண்டுசென்றிருந்த பேச்சு அதுவே என்பதால், நடைமுறை நோக்கில் அம்முடிவில் நியாயம் உண்டு. கவிதை மரபு முழுவதும் வடபகுதிப் பேச்சுகளில் இருந்தது என்பதால், இலக்கிய நோக்கில் அது பெரிய இழப்பு.

120க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் தான்சானியாவில், பெரிய இனக்குழு எதனுடையதுமல்லாத மொழி என்பதே சுவாஹிலியின் வலிமையாயிற்று. தாமே சனாகி என்னும் சிறுமொழியைத் தாய்மொழியாகக் கொண்ட, நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியெரெரே, விடுதலை இயக்கத்தைச் சுவாஹிலியில் நடத்தினார். ஆட்சிக்கு வந்த பிறகு ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களை அதில் மொழிபெயர்த்தார். 1967இல் தேசிய மொழி அவையை நிறுவினார். எனினும் தொடக்கப்பள்ளி சுவாஹிலியில், உயர்நிலைப்பள்ளி ஆங்கிலத்தில் என்ற ஏற்பாடு நீடித்துவருகிறது. ஏழாண்டுகள் ஒரு மொழியில் சிந்திக்கப் பழகிய பிள்ளை திடீரென மற்றொரு மொழியில் அறிவியல் படிக்க வேண்டியிருப்பது, இம்மொழிக்கொள்கையின் தீராத முரண்பாடு. 2023இல் சென்னை ஐ.ஐ.டி. சான்சிபாரில் வளாகம் தொடங்கியபோது அங்கும் பயிற்றுமொழி ஆங்கிலமே. கென்யாவில் 2010ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் ஆங்கிலத்தோடு சுவாஹிலியையும் ஆட்சிமொழியாக்கியது. நைரோபியின் இளைஞர்களோ இரண்டையும் பிசைந்த ‘ஷெங்’ என்னும் நகர வழக்கைப் பேசுகிறார்கள். கலப்பு என்ற சொல் உண்மையிலேயே பொருந்துவது அதற்குத்தான். உகாண்டாவில் படைவீரர்களின், அதிலும் இடி அமீன் காலத்துப் படைவீரர்களின் மொழி என்ற நினைவு சுவாஹிலியின் வளர்ச்சியைத் தடுத்தது. ருவாண்டா 2017இல் அதை ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கியது. காங்கோவில் நான்கு தேசிய மொழிகளுள் அது ஒன்று. 2021இல் யுனெஸ்கோ ஜூலை 7ஆம் நாளை உலகச் சுவாஹிலி மொழி நாளாக அறிவித்தது. பேசுவோர் 20 கோடிக்கும் மேல் என்பது அதன் கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அது இரண்டாம் மொழி அல்லது மூன்றாம் மொழி.

இந்த வளர்ச்சியில் அதன் முதல் உரிமையாளர்களின் நிலை விசித்திரமானது. லாமுவிலும் மொம்பாசாவின் பழைய நகரத்திலும் வாழும் குடும்பங்களின் பேச்சு, இன்று பாடநூலின் கண்ணுக்கு வட்டார வழக்கு. கண்ணைப் பொதுவழக்கு ‘ஜிச்சோ’ என்கிறது. மொம்பாசாவினர் ‘ஜித்தோ’ என்கிறார்கள். பழங்கவிதைகளிலும் இந்தத் தகரமே ஒலிக்கிறது. இருந்தும், பாட்டி பேசிய சொல்லை விடைத்தாளில் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையலாம். தான்சானியாவின் உள்நாட்டில் ‘ம்சுவாஹிலி’ என்ற சொல்லே வேறு பொருள் பெற்றுவிட்டது: நாவன்மையாலும் சாமர்த்தியத்தாலும் காரியம் சாதிப்பவர் என்ற பாதி வியப்பும் பாதி எள்ளலும் கலந்த பொருளில் அதை எவரைப் பற்றியும் சொல்லலாம். லாமுவில் பிறந்த புலவர் அகமது ஷேக் நபஹானி (1927-2017), பொதுவழக்குக்குப் புதுச்சொற்கள் தேவைப்பட்டபோது அவற்றை ஆங்கிலத்திலிருந்து எடுக்காமல் கடற்கரையின் பழைய பேச்சுகளிலிருந்து எடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். தொலைக்காட்சிக்கு அவர் ஆக்கிய ‘ருனிங்கா’ இன்று கென்யாவின் செய்தியறிக்கைகளில் இயல்பாக வழங்குகிறது.

இம்மொழியைக் கற்க எண்ணுவோர், தொழிலுக்கோ பயணத்துக்கோ என்றால் சான்சிபாரை அடிப்படையாகக் கொண்ட பொதுவழக்கையே கற்கலாம். அது தாருஸ்ஸலாம் முதல் கிழக்குக் காங்கோ வரை புரியும். எழுத்துக்கூட்டல் சிக்கலின்றி, எழுதியபடியே ஒலிப்பதால் முதற்சில மாதங்கள் எளிதாகக் கழியும். வகுப்பு இயைபு மனத்தில் படியத்தான் காலம் ஆகும். ம்வானா குபோனாவையும் முயாகாவையும் மூலத்திலேயே படிக்க விரும்புவோர், அதன் பிறகு லாமு, மொம்பாசா வழக்குகளையும், இயன்றால் அரபு எழுத்தையும் தனியே பயில வேண்டியிருக்கும்.